தமிழ் காலிகிராஃபி (அழகெழுத்து) வகுப்பு என்று 3,750 ரூபாய் கட்டி ஏமாந்தேன். கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

போட்டோ பகிரும் ஆப்பில் இருக்கும் ஒரு பக்கம் அது. 12 நேரலை வகுப்பு, 3 நிப், ஹோல்டர், மை, 120 ஜிஎஸ்எம் கனத் தாளில் பயிற்சி நோட்டு, எல்லாம் சேர்த்து 3,750 ரூபாய் என்றார்கள்.

வளைகாப்போ பிறந்தநாளோ, கடையில் கார்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை. நாலு வரி கையால் எழுதித்தான் கொடுப்பேன். அதை இன்னும் அழகாக எழுத ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

விசாரித்த பத்தாவது நிமிஷம் ஒரு படம் வந்தது. ‘கலக்குங்க அக்கா’ என்று கறுப்பு மையில், தடிப்பும் மெலிவுமாக அப்படி ஓர் எழுத்து. “உங்களுக்காக இப்பதான் எழுதினேன்க்கா, மை கூட காயல” என்றாள் அந்தப் பக்கத்தில் பேசிய பெண். எனக்காக ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்று மனசு இளகிவிட்டது. உடனே யுபிஐயில் பணம் அனுப்பினேன்.

இன்று காலை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலிருக்கும் ஐந்து ‘க’வும் மயிரிழை மாறாமல் ஒன்றுபோல இருக்கின்றன. கையால் எழுதினால் இரண்டு ‘க’கூட அப்படி விழாது. அது வெறும் கம்ப்யூட்டர் ஃபாண்ட்!

கிட் 18 நாள் கழித்து வந்தது. 3 நிப்புக்கு ஒன்றுதான், அதுவும் கூர் நிப். அவர்கள் படத்தில் காட்டிய எழுத்துக்கு முனை தட்டையான பட்டை நிப் வேண்டும். நோட்டு என்று வந்தது ஜெராக்ஸ் தாள். மை பட்டதும் வேர்விட்ட மாதிரி பரவுகிறது. புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும் என்று படித்துத் துடைத்தும் பார்த்தேன், தாளைக் கிழிக்கத்தான் செய்தது.

கேட்டால், “உங்க கை அழுத்தம் ஜாஸ்திக்கா.” அடுத்த வாரம், “கூரியர்ல மாத்திட்டாங்க.” அதற்கடுத்து, “டீம்ல சொல்லியிருக்கேன்.” 12 நேரலை வகுப்பில் நடந்தது ஒன்றுகூட இல்லை, பழைய வீடியோ இரண்டு அனுப்பினார்கள். வகுப்புக் குரூப்பில் வாய் திறக்க முடியாது, அட்மின் மட்டும்தான் பதிவிடலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக். 3,750 ரூபாய் அவர்களுக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். எனக்கு அது மூன்று மாதம் சேர்த்த பணம்.

கட்டும் முன் ஒன்று செய்யுங்கள்: எழுதும் கையும் தெரியும்படி, உங்கள் பெயரை எழுதும் வீடியோ கேளுங்கள். படத்தை நம்பாதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ஆரம்பத்தில் கிட் எதுவும் வேண்டாம், இரண்டு பென்சிலைச் சேர்த்துக் கட்டினால் பட்டை நிப் மாதிரியே பழகலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்; நான் இன்று காலைதான் அழைத்தேன். பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று. “உங்க எழுத்தைப் பார்க்கணும்க்கா” என்று கேட்டதால், பெரியம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பச்சை மையில் எழுதிய வாழ்த்தை அனுப்பியிருந்தேன். அது இப்போது ‘எங்கள் மாணவியின் எழுத்து’ என்று அவர்கள் விளம்பரத்தில் ஓடுகிறது. எங்கேயாவது கண்ணில் பட்டால் நம்பிவிடாதீர்கள். அவர்களை நான் அறியும் முன்பே எழுதியது அது.