ஏசியின் கழிவு வெப்பத்தில் வெந்நீர்: ஓராண்டு பயன்படுத்திய டீசூப்பர்ஹீட்டர்

நான் பராமரிப்பைக் கவனிக்கும் விடுதியின் மொட்டைமாடியில், 10 டன் ஏசி இயந்திரத்தின் விசிறி நாள் முழுதும் அனலைக் கக்கிக்கொண்டிருக்க, அதிலிருந்து பத்தடி தள்ளி மின்சார ஹீட்டர் ஒன்று குளியலறைகளுக்கு வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. வெப்பத்தை வெளியே தள்ளவும் மின்கட்டணம், அதே வெப்பத்தை உண்டாக்கவும் மின்கட்டணம் என்ற இந்த முரண்தான் சென்ற ஆண்டு எங்களை, ஏசியின் கழிவு வெப்பத்தில் தண்ணீரைச் சூடாக்கும் டீசூப்பர்ஹீட்டர் வாங்க வைத்தது.

கருவி எளிமையானது. கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் குளிர்பதன வாயு, அதன் வகையையும் இயந்திரத்தின் பளுவையும் பொறுத்து, பெரும்பாலும் 60 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். அந்த வாயு, அதைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரை அடைவதற்கு முன் ஒரு வெப்ப மாற்றிக்குள் புகுந்து செல்ல, அதன் மறுபக்கத்தில் ஒரு சிறிய பம்ப் டேங்க் தண்ணீரைச் சுற்றி வரச் செய்கிறது. அவ்வளவுதான்.

விற்க வந்தவர் சொன்ன கணக்கு மட்டும் அவ்வளவு எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை. 10 டன் இயந்திரம் அறைகளிலிருந்து ஏறக்குறைய 35 கிலோவாட் வெப்பத்தை இழுக்கிறது. கம்ப்ரஸர் எடுத்துக்கொள்ளும் சுமார் 10 கிலோவாட் மின்சாரமும் அதனுடன் சேர்ந்து 45 கிலோவாட்டாக வெளியேறுகிறது. அந்த 45 முழுவதும் தண்ணீருக்கு வந்துவிடும் என்பதுபோல அவர் பேசினார். உண்மையில் டீசூப்பர்ஹீட்டர் எடுப்பது வாயு திரவமாக மாறத் தொடங்குவதற்கு முன் தன்னிடம் வைத்திருக்கும் மிகைச் சூட்டை மட்டுமே. அது மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம். ஏழு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 1000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்தத் தேவையான 35 யூனிட் வெப்பத்தைச் சேர்க்க, இயந்திரம் முழுப் பளுவில் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். எங்கள் அனுபவமும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மீதி வெப்பத்தையும் பிடிக்கும் முழு மீட்பு அமைப்புகள் உண்டு. ஆனால் அந்த வெப்பம் கிடைப்பது 40, 45 டிகிரி அளவிலேயே. தண்ணீர் இன்னும் சூடாக வேண்டும் என்று கண்டென்சர் வெப்பநிலையை ஏற்றினால், ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரஸரின் மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பதால், பிறகு அதை இலவச வெந்நீர் என்று சொல்ல முடியாது.

ஏசி கடுமையாக உழைப்பது பிற்பகலில். விடுதியில் எல்லோரும் குளிப்பது விடியற்காலையில். ஆகவே வாங்கும்போது கருவியைவிட டேங்கைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்க வேண்டும். பொருத்துநர் பரிந்துரைத்த 300 லிட்டர் டேங்க் நண்பகலுக்கு முன்பே சூடாகிவிட, அதன்பின் கிடைத்த வெப்பமெல்லாம் பழையபடி காற்றில் போனது. அதை வெப்பக்காப்புள்ள 1000 லிட்டர் டேங்காக மாற்றிய பிறகே கருவி தன் விலைக்கு வேலை செய்யத் தொடங்கியது.

இன்னொரு குறையைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. கம்ப்ரஸர் ஓடினால் பம்பும் ஓடும் என்று மட்டும் இணைத்திருந்தார்கள். எங்களுடையது பளுவுக்கேற்ப கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் இயந்திரம். இரவில் வேகம் குறையும்போது வாயுவின் சூடு டேங்க் நீரின் சூட்டைவிடத் தணிந்துவிடுவதால், பகலில் சேமித்த வெப்பத்தைத் தண்ணீர் வாயுவிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரு பக்கமும் சென்சார் வைத்து, வாயு போதிய அளவு சூடாக இருந்தால் மட்டும் பம்ப் ஓடுமாறு மாற்றினோம். இது தேவையில்லை என்று முதலில் சொன்ன பொருத்துநரே பிறகு வந்து பொருத்திக் கொடுத்தார்.

வெப்ப மாற்றியில் இரட்டைச் சுவர் வகையைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். வாயுவின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு என்பதால், ஒற்றைச் சுவரில் ஓட்டை விழுந்தால் குளிர்பதன வாயுவும் கம்ப்ரஸர் எண்ணெயும் குளிக்கும் தண்ணீரில் கலந்துவிடும். இரட்டைச் சுவரில் கசிவு இடைவெளி வழியே வெளியே வந்து கண்ணில் படும்.

பழைய மின்சார ஹீட்டரைக் கழற்றிவிடவும் கூடாது. நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் பெருகும் என்பதால், தேக்கி வைக்கும் நீரை 60 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கருவி பல நாட்கள் 50 டிகிரியோடு நின்றுவிடும்போது மீதியை ஹீட்டர்தான் ஏற்றுகிறது. ஏசி அதிகம் ஓடாத குளிர்மாதங்களில் ஏறக்குறைய முழு வேலையும் அதன் தலையில்தான் விழுந்தது. ஆண்டு முழுவதும் ஏசியும் வெந்நீரும் தேவைப்படும் விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவில் மட்டும் ஒரு ஏசி ஓடும் வீட்டுக்கு மாட்டேன்.

எங்கள் தண்ணீர் கடின நீர் என்பதால் ஆறு மாதத்தில் உப்புப் படிந்து சூடேறும் வேகம் குறைந்தது. சுத்தம் செய்ய முனைந்தபோதுதான், வெப்ப மாற்றியின் தண்ணீர்க் குழாய்களில் அடைப்பு வால்வே வைக்கவில்லை என்பது தெரிந்தது. 1000 லிட்டர் வெந்நீரையும் வடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. இப்போது இரு பக்கமும் வால்வு போட்டிருக்கிறோம்.