நாலு வருட எண்ணெய் வண்ணப் படிப்பு: படித்து முடித்தவள் சொல்வது

நுண்கலை இளங்கலையில் ஓவியம் எடுத்து, அதிலும் எண்ணெய் வண்ணத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்து முடித்து இரண்டு மாதம் ஆகிறது. சேரலாமா என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். குறைகளையும் சொல்லப் போகிறேன். வேறு கல்லூரிகளில் படித்த நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

சேர்ந்த அன்றே டியூபைத் திறந்து கான்வாஸில் இறங்கிவிடலாம் என்ற நினைப்போடு வராதீர்கள். எங்களுக்கு முதல் வருடம் முழுக்கக் கரியும் பென்சிலும்தான். பிளாஸ்டர் தலை, பிளாஸ்டர் கை, பிளாஸ்டர் காது. ஒரே காதை ஒன்பது நாள் வரைந்தேன். அப்போது கோபமாக வந்தது. மூன்றாம் வருடம் உயிருள்ள மாடல் எதிரில் உட்கார்ந்தபோதுதான் அந்த ஒன்பது நாளின் அருமை தெரிந்தது. வடிவம் தப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் அந்த முகம் நிமிராது.

இரண்டாம் வருடம் எண்ணெய் கைக்கு வந்தது. அதுவும் முதல் ஆறு வாரம் பர்ன்ட் அம்பர் ஒன்றே ஒன்றுதான். கான்வாஸ் முழுக்கப் பழுப்பைத் தேய்த்துவிட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அப்புறம் நாலு வண்ணம்: யெல்லோ ஓக்கர், ஒரு சிவப்பு, ஐவரி பிளாக், வெள்ளை. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் சொல்லப்படும் பாலெட், அதாவது வண்ணத் தொகுப்பு, இது. அவர் வைத்திருந்த சிவப்பு வெர்மிலியன். நாங்கள் கேட்மியம் சிவப்பு வைத்துக்கொண்டோம். நீலமே இல்லாமல் முகத்தை எப்படி வரைவது என்று நான் தவித்தேன். கறுப்பில் வெள்ளை கலந்து வந்த சாம்பலை ஆரஞ்சுச் சாயலுள்ள கன்னத்தின் பக்கத்தில் வைத்தேன், அது நீலமாகத் தெரிந்தது. கறுப்பும் ஓக்கரும் சேர்ந்து பச்சை ஆனது. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் ஒரு நிறத்தை நிறமாக்குகிறது என்பதை அன்று கையால் தெரிந்துகொண்டேன். இந்தப் படிப்புக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

இன்னொரு இடம் ஒரு அட்டைத் துண்டு. ஜன்னல் ஓரம் மேசை போட்டு, ஒரு வெள்ளைத் துணி, ஒரு கறுப்புத் துணி, நடுவில் பித்தளைக் குவளை வைத்திருந்தார்கள். நான் வெள்ளைத் துணியை வெள்ளையாகவும் கறுப்பைக் கறுப்பாகவும் வரைந்துகொண்டே இருந்தேன். மூன்று நாளாகியும் படத்தில் வெயில் வரவில்லை. சார் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். சாம்பல் நிற அட்டை ஒன்றில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு துளை போட்டு என் கையில் கொடுத்தார்.

“ஒரு கண்ணை மூடிக்கோம்மா. ஒரு துளையில வெள்ளைத் துணியோட உள்மடிப்பு தெரியணும். இன்னொரு துளையில கறுப்புத் துணியில வெயில் படற இடம். இப்ப சொல்லு, எது வெளிச்சம்?”

கறுப்புதான் ஒரு துளி வெளிச்சமாக இருந்தது. நம்பமுடியாமல் அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், பழையபடி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மறுபடி அட்டையை வைத்தேன், மறுபடி மாறியது. பத்து தடவையாவது எடுத்து எடுத்து வைத்திருப்பேன். அந்த மடிப்பை அடர்ந்த சாம்பலாக மாற்றிய பிறகு, படத்தில் ஜன்னலை நான் வரையவே இல்லை, ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. எத்தனை வீடியோ பார்த்தாலும் கிடைக்காதது இது. நாம் எங்கே தவறுகிறோம் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்காகவே இந்தப் படிப்பு தகும்.

கான்வாஸ் தயாரிப்பையும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்தின் நாலு பக்கமும் நடுவில் முதல் ஆணி, அங்கிருந்து மூலையை நோக்கி எதிரெதிராக இழுத்து இழுத்து அடித்துப் போக வேண்டும். விரலால் தட்டினால் பறை மாதிரி சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகு பசைப் பூச்சு, அதன் மேல் வண்ணம் பிடிப்பதற்கான ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்ப்பு. பசைப் பூச்சு எதற்கு என்றால், எண்ணெய் நேரடியாகத் துணியில் இறங்கினால் காலப்போக்கில் இழை மக்கிப்போகும். கடையில் வாங்கும் ரெடி கான்வாஸிலேயே பழகிய எனக்கு, தன் கையால் இழுத்துக் கட்டியதில் பிரஷ் வைக்கும் சுகம் புதிது.

இனி குறைகள்.

முதல் குறை, பொருள்களைப் பற்றிய பாடமே இல்லை. நான் மேலே சொன்ன அந்தக் குவளைப் படம் பத்து மாதத்தில் வெடித்துவிட்டது. பின்னணியில் வற்றிய ஏரி மண் மாதிரிக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. என்ன செய்தேன் என்றால், சீக்கிரம் வழவழப்பு வரட்டும் என்று ஐவரி பிளாக்கில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தடிமனாகப் பூசினேன். நாலு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று அதன் மேல் டர்பன்டைனில் கரைத்த அம்பரை மெல்லியதாக இழுத்தேன்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னித் தோலாக இறுகுகிறது. ஐவரி பிளாக் மிக மெதுவாகத்தான் இறுகும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது வேகமாக இறுகிவிடும். ஆக, மேல்தோல் இறுகிவிட்டது. அடியில் இருந்த கறுப்பு உள்ளுக்குள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மேல்தோல் பிளக்காமல் என்ன செய்யும்? அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாக என்பது இந்தக் கலையின் அரிச்சுவடி. அதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. வெடித்த படத்தைத் தூக்கிக்கொண்டு போய் நான் கேட்ட பிறகு, ஒரு ஆசிரியர் தாழ்வாரத்தில் நின்றபடியே அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணி நேரம் எல்லாருக்கும் முதல் வாரமே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காததால் என் வகுப்பில் ஐந்து பேருடைய படங்கள் பாழாயின. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கவும் யாரும் பழக்கவில்லை. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.டபிள்யூ.6 என்றால் டைட்டேனியம் வெள்ளை, பி.டபிள்யூ.4 என்றால் ஜிங்க் வெள்ளை. ஜிங்க் வெள்ளை இறுகினால் நொறுங்கும் தன்மை கொண்டது, அதைத் தனியாக அடிப்பூச்சுக்கு வைக்கக் கூடாது. ‘கேட்மியம் ரெட் ஹியூ’ என்று போட்டிருந்தால் அந்தச் சாயலில் வேறு நிறமி என்று அர்த்தம். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, பி.ஆர்.83, வெளிச்சத்தில் வெளுக்கும். இரண்டு வருடம் நான் அதைத்தான் நிழல்களுக்கெல்லாம் போட்டேன்.

இத்தனைக்கும் கலை வரலாற்று வகுப்பு எங்களுக்கு அருமையாக அமைந்தது. எண்ணெய் வண்ணத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் ஐக் கண்டுபிடித்தார் என்று, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய இத்தாலியர் வசாரி 1550இல் எழுதியதைச் சொல்லிவிட்டு, ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய சுவரோவியங்களில் காயும் எண்ணெய் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்ததையும் சொன்னார்கள். 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் தகர டியூபுக்குக் காப்புரிமை பெறும் வரை வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள் என்பதும் அங்கே கேட்டதுதான். வான் கோவின் படுக்கையறை ஓவியத்தில் இன்று நீலமாகத் தெரியும் சுவர் முதலில் ஊதா, அதிலிருந்த சிவப்பு வெளுத்துப்போய் நீலம் மட்டும் நின்றது என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதே வாரம் ஸ்டூடியோவில் நாங்கள் வெளுக்கும் சிவப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டு வகுப்பும் ஒரே கட்டடத்தில்தான் நடந்தன. ஒன்றில் சொன்னதை இன்னொன்றில் யாராவது எடுத்துக்கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இரண்டாவது குறை காற்று. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு பேர் திறந்த கிண்ணத்தில் டர்பன்டைன் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அறையில், இருந்த ஒரே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ நின்று தங்கிவிடும். மூன்றாம் வருடம் எனக்கு மாலைதோறும் தலைவலி. எழுதிக் கொடுத்தோம், திரும்ப எழுதிக் கொடுத்தோம், ஒரு செமஸ்டர் கழித்துத்தான் ஃபேன் மாறியது. அதற்குள் நானே வழி மாற்றிக்கொண்டேன். வேலை நடக்கும்போது பிரஷைத் துணியில் துடைத்து, ஆளிவிதை எண்ணெயில் அலசிக்கொள்வேன், முடிந்ததும் சோப்பு. டர்பன்டைன் மூடி போட்ட சின்ன டப்பாவில், அடிப்பூச்சுக்கு மட்டும். நீங்களும் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவே எறியாதீர்கள். இறுகும்போது எண்ணெய் சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் விட்ட மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

படங்களை முன்னால் வைத்து மதிப்பிடும் ஜூரி பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. பேசத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சாதகமாகவே நடக்கும், அது உண்மை. மற்றபடி நியாயமாகவே பார்த்தார்கள்.

சரி, சேரலாமா? ஒரே படத்தின் முன்னால் ஆறு வாரம் உட்கார முடியும், அடிப்பூச்சு காயும் வரை வேறொன்றை எடுத்து வேலை செய்யப் பொறுமை இருக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். எனக்கு ஐந்துக்கு நாலு. குறைந்த அந்த ஒன்று பாடத்திட்டத்துக்கும் காற்றுக்கும். படம் சீக்கிரம் முடிய வேண்டும், வாரம் ஒன்று வெளியே காட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு அக்ரிலிக் போதும். அது தாழ்ந்த ஊடகமும் இல்லை.

எந்தக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தாலும் விளம்பரத் தாளை விட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குள் போங்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிகிறதா, ஜன்னல் திறக்கிறதா, மூடியுள்ள குப்பை டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். மாலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று ஆபீஸில் கேட்காமல், அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் மாணவரிடம் கேளுங்கள். போன வருடத்துப் படங்கள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டு, இரண்டைத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அங்கேயும் பொருள்களைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை என்று தெரிந்துவிடும்.

வண்ணம் வாங்கும்போது பன்னிரண்டு டியூப் பெட்டி வேண்டாம். வெள்ளை பெரிய டியூப், ஓக்கர், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் நீலம், ஒரு நல்ல சிவப்பு. கரடுமுரடான அடிப்பூச்சுக்கு ஸ்டூடன்ட் கிரேடு போதும். வெள்ளையையும் சிவப்பையும் மட்டும் ஆர்ட்டிஸ்ட் கிரேடில் எடுங்கள், நிரப்புப் பொடி குறைவாக இருப்பதால் கொஞ்சம் போட்டாலே நிற்கும்.

அந்தக் குவளைப் படத்தை நான் தூக்கிப் போடவில்லை. அதே ஏற்பாட்டை, அதே மாதிரித் துணிகளோடு, கடைசி வருடக் காட்சிக்காகத் திரும்ப வரைந்தேன். அடியில் மெல்லிய அம்பர், கறுப்பு கடைசியில், எண்ணெய் அளந்து. இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். புதியதற்கு வார்னிஷ் போட இன்னும் நாலு மாதமாவது பொறுக்க வேண்டும்.