ஜேட் வாங்கப் போகிறீர்களா? பர்மா பச்சையும் கோத்தான் வெள்ளையும்

பச்சைக்கல் என்றதும் நமக்கு மரகதம்தான் நினைவுக்கு வரும். சீனர்களுக்கு ஜேட். ஆனால் ஜேட் என்ற ஒரே பெயரில் கடைக்கு வருபவை ஜேடைட், நெஃப்ரைட் என்று இரண்டு கற்கள். இரண்டும் வேறு வேறு கனிமம் என்று 1863-இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான அலெக்சி டமூர். ஒன்றுக்கான அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்றதை மதிப்பிடப் போனால் கணக்கு தலைகீழாகிவிடும்.

உயர்தர ஜேடைட் பெரும்பாலும் மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. சீனத்தில் இதற்கு ‘ஃபெய்ட்சுய்’ என்று பெயர், மீன்கொத்தியின் இறகு நிறத்தை வைத்து வந்த பெயர். இதில் முதலில் நிறம், பிறகு ஒளி ஊடுருவும் தன்மை, பிறகு கல்லை ஆக்கிய நுண்மணிகளின் நெருக்கம். குரோமியம் தரும் அடர்பச்சை சீராகப் பரவி, கல்லுக்குள் ஒளி புகுந்து நின்றால் விலைக்கு எல்லையே இல்லை. 2014-இல் ஹாங்காங் ஏலத்தில் அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி பார்பரா ஹட்டனின் 27 மணி ஜேடைட் மாலை 21 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது.

சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள கோத்தான் ஆற்றுப்படுகையில் கிடைக்கும் நெஃப்ரைட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே உச்ச மதிப்பு வெள்ளைக்கு. ‘ஆட்டுக் கொழுப்பு’ என்றே அதை அழைக்கிறார்கள். எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பும் இறுக்கமும் வேண்டும். கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் ஜேடைட்டுக்குப் பெருமை, நெஃப்ரைட்டுக்குக் குறை. கடினத்தில் ஜேடைட் ஒரு படி மேல், ஆனால் அடி தாங்குவதில் நெஃப்ரைட்டை மிஞ்ச முடியாது. நார்நாராகப் பின்னிய இழைகள்தான் காரணம்.

எது எது என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். 50 கிராம் வளையலைத் தராசிலிருந்து நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி எடை பாருங்கள். ஜேடைட் என்றால் சுமார் 15 கிராம் குறையும், நெஃப்ரைட் என்றால் 17. ‘இந்திய ஜேட்’ என்று விற்கப்படும் அவெஞ்சுரின் வெறும் குவார்ட்ஸ்தான், அது 19 கிராம் குறையும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், குவார்ட்ஸும் குளிரத்தான் செய்யும்.

இந்த எடைச் சோதனைக்குச் சிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஜேடைட்டை வியாபாரத்தில் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்பது மெழுகுப் பூச்சைத் தவிர வேறெதுவும் செய்யாத கல். பி ரகத்தை அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, உண்டான ஓட்டைகளில் பிசின் ஏற்றியிருப்பார்கள். சி ரகத்துக்குச் சாயம். பி ரகம் வாங்கும் அன்று ஏ-யைவிடப் பளிச்சென்றுகூட இருக்கும். ஆனால் பிசின் நாளாக நாளாக மஞ்சளாகும், சூடு பட்டால் கெடும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சாயம் நுண்மணிகளுக்கு இடையே வலைபோல் தேங்கி நிற்பது தெரியும். பிசினை உறுதியாகக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் செய்யும் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை வேண்டும். எனவே விலை உயர்ந்த பச்சை என்றால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கடையின் மஞ்சள் விளக்கை விட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கல்லைக் கொண்டுவாருங்கள். வளையல் ஒரே கல்லில் குடைந்தது என்பதால் ஒரு விரிசல்கூட விலையைச் சாய்த்துவிடும். நகத்தால் வருடிப் பாருங்கள், டார்ச் அடித்தும் பாருங்கள்.

என்னைக் கேட்டால், கைப்பணம் அளவாக இருப்பவர் பளபளக்கும் பி ரகப் பச்சையைத் தொடவே வேண்டாம். அதே பணத்துக்கு விரிசல் இல்லாத வெளிர்நிற ஏ ரகம் கிடைக்கலாம். தினமும் கையில் கிடக்க வேண்டும் என்றால் கனடாவின் பச்சை நெஃப்ரைட்டையே சொல்வேன். ஜேடைட் சுரங்கங்கள் நிறைந்த கச்சினின் பாகாந்த் பகுதியில் 2020 ஜூலையில் மண்மேடு சரிந்து 170-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். விலைபேச உட்காரும்போது அது என் நினைவை விட்டுப் போவதில்லை.