மினாக்சிடிலா, ஃபினாஸ்டரைடா?

உச்சந்தலை தெரிய ஆரம்பித்த ஆண்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டு முடி உதிர்வு மருந்துகளில்தான். மினாக்சிடில் தலையில் தடவுவது, 5 சதவீதக் கரைசல், தினமும் 2 வேளை. முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பலர் பயந்துபோய் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள், பழைய முடி உதிர்ந்து புதியதற்கு வழிவிடுகிறது, 4 மாதமாவது பொறுங்கள். ஃபினாஸ்டரைடு தினமும் 1 மில்லிகிராம் மாத்திரை. வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோனையே குறைப்பதால், இருக்கிற முடியைக் காப்பாற்ற என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வும் வரலாம், அதனால் தோல் மருத்துவரிடம் பேசாமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அப்புறம், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடவே கூடாது.