பல்லுக்குக் கம்பி: மெல்லிய விசையா, பலத்த விசையா?

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்பது சிங்கப்பூர் தேக்கா பக்கத்துக் கிளினிக்குகளிலும் கேட்கிற பேச்சுதான். ஆனால் இறுக்கினால் வேகம் கூடுவதில்லை.

வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்த்திசு. பல்லைச் சாய்க்க 35–60 கிராம் விசை போதும். ரத்த ஓட்டம் நிற்காது. அழுந்தும் பக்கம் எலும்பு கரையும், இழுபடும் பக்கம் புதிதாக வளரும். மாதம் ஏறக்குறைய 1 மி.மீ. நகரும்.

விசை மிஞ்சினால் திசு நசுங்கி, ரத்தம் போகாமல் செத்துவிடும். எலும்பைக் கரைக்கும் செல்கள் எலும்பின் பின்பக்கமிருந்து குடைந்து வரவேண்டும். அதுவரை, இரண்டு மூன்று வாரம், பல் அசையாது. பிறகு திடீரென நகரும். வலியும் அதிகம், வேர்நுனி கரையும் அபாயமும் அதிகம்.

கம்பிக்குப் பதிலாகப் பல்மேல் கழற்றி மாட்டும் ட்ரேக்களும் அப்படித்தான்: ஒவ்வொன்றும் பல்லை 0.25 மி.மீ. அளவுக்குத்தான் நகர்த்தும். அவசரப்பட்டு ஒன்றை விட்டு அடுத்ததைப் போட்டால் சரியாகப் பொருந்தவே பொருந்தாது.