250 ரூபாய்க்கு ஓர் இரும்புச் சவப்பெட்டி

மும்பை ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கினேன். 400 சொன்னார், நான் இரண்டடி நடந்ததும் 250 ஆனது. ஹெர்பெர்ட் வெர்னர் எழுதிய ‘அயர்ன் காஃபின்ஸ்’. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்து, கடைசியில் இரண்டு கப்பல்களுக்குக் கேப்டனும் ஆனவர். 1969இல் வெளிவந்த நினைவுக் குறிப்பு இது.

ஊருக்குப் போன் பண்ணும்போது சொன்னேன். “எம்டனப் பத்தி வருதாடே?” என்றார் அப்பா. எம்டன் நீர்மூழ்கியே இல்லை, கடல் மேலே ஓடிய போர்க்கப்பல், 1914இல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது முதல் உலகப் போரில் என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருவோம். தாராவியில் ஆறு பேர் சேர்ந்து ஓர் அறையில் இருக்கிறோம். நான் பல்லார்ட் எஸ்டேட்டில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது நைட் ஷிப்ட் முடித்து ஒருவன் வருவான். என் பாயின் சூடு ஆறுவதற்குள் அவன் படுத்துவிடுவான். வெர்னரின் கப்பலிலும் இதே கதைதான். ஏறக்குறைய 67 மீட்டர் நீளம், ஐம்பது பேர், ஒருவன் எழுந்த படுக்கையில் இன்னொருவன். கழிப்பறை இரண்டு. புறப்படும்போது அதில் ஒன்றில் சாப்பாட்டுச் சாமான்களை அடைத்துவிடுவார்கள், தின்று தீரும் வரை எல்லோருக்கும் மிச்சம் ஒன்றுதான். ரொட்டி பூஞ்சை பூத்தால் மேலே செதுக்கிப் போட்டுவிட்டு நடுப்பகுதியைத் தின்பார்கள். டீசல் நெடி, வியர்வை, காயாத துணி. காலையில் வாளியோடு வரிசையில் நிற்பவனுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அறைக்கு மேலே தண்ணீரும் அதற்கு மேலே விமானமும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தகத்தின் உயிர் 1943 மே மாதத்தில் இருக்கிறது. வெர்னர் அப்போது யு-230இல் இருக்கிறார். தலைமையகம் ஒவ்வொரு கப்பலாகக் கூப்பிடுகிறது, ஒவ்வொன்றாகப் பதில் நின்றுபோகிறது. அந்த ஒரே மாதத்தில் மூழ்கிப்போன ஜெர்மன் நீர்மூழ்கிகள் 41. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகன் பீட்டரும் அதில் ஒன்றில் செத்தார். மாத இறுதிக்குள் டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து கப்பல்களை விலக்கிக்கொண்டார். எங்கே போனாலும் விமானம் எப்படி வந்து நிற்கிறது என்று வெர்னர் திரும்பத் திரும்பக் குழம்புகிறார். ரேடார் என்கிறார். அது சரிதான், ஆனால் பாதிதான். எனிக்மா என்ற ஜெர்மன் இயந்திரத்தின் சங்கேதத்தை பிரிட்டிஷ்காரர்கள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்த விஷயம் வெளியுலகத்துக்குத் தெரிந்ததே 1974இல். அதற்கு ஐந்து வருடம் முன்பு எழுதியவருக்கு எங்கே தெரியும்? போதாததற்கு, டோனிட்ஸ் கேட்டபோதெல்லாம் வானொலியில் பதில் சொல்ல வேண்டும், அந்த வானொலி அலை வரும் திசையை வைத்தே எதிரிக் கப்பல்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ‘அய்யோ, வாயைத் திறக்காதே’ என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தச் சங்கேதப் புத்தகங்கள் கைக்கு வந்த கதை ஒன்று வெர்னரிடம் கிடைக்காது. 1942 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்குள் இறங்கி அவற்றை எடுத்த இரண்டு பிரிட்டிஷ் மாலுமிகள் கப்பலோடு போய்விட்டார்கள். அவற்றை மேலே கொண்டுவந்து கொடுத்து, பிழைத்து வந்தவன் டாமி பிரௌன், கேன்டீன் பையன். வயது 16.

இனி என் மனக்குறை. வெர்னருக்கு மூழ்கும் கப்பல் என்பது டன் கணக்கு. அதில் இருந்த ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை. 1940இல் யு-48 மூழ்கடித்த ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில் 77 குழந்தைகள் இறந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். எட்டு நாள் கடலில் அலைந்த அதன் உயிர்காப்புப் படகில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள் என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட ‘திலாவா’ பயணிக் கப்பலை 1942 நவம்பரில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி மூழ்கடித்தது, 280 பேர் இறந்தார்கள். ஐந்து மாதம் கழித்து மடகாஸ்கர் பக்கம் ஜெர்மனியின் யு-180இலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு போனதும் இதே ஐ-29தான். இதைப் படித்த அன்று மதியம் ஆபீஸில் வேலை ஓடவில்லை.

இன்னொன்று, வெர்னர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு வரும் எதிரிக் கப்பல்கள் மீது தேவைப்பட்டால் மோதிவிடுங்கள் என்று உத்தரவு வந்ததாக எழுதுகிறார். ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. தன் பக்கம் செய்த போர் நியாயமா என்ற கேள்விக்குள்ளும் அவர் அதிகம் போவதில்லை. ஆனாலும் எழுத்து ஓடுகிறது, சர்ச்கேட்–தாதர் லோக்கலில் நின்றுகொண்டே படித்தேன்.

ஆங்கிலம் எளிது. நைட் ஷிப்ட்காரன் இப்போது 90ஆம் பக்கத்தில் இருக்கிறான். வாங்குபவர்கள் பாலிதீன் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். என் பிரதியில் அட்லாண்டிக் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் பிளேடால் கிழித்த தடம்தான் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “வரைபடத்துக்கா காசு குடுத்தீங்க?” என்றார் கடைக்காரர், சுத்தமான தமிழில்.