மார்கழி ஓட்டம்: எக்ஸ்பிரஸ் சாலையா, பூங்காவா, ட்ரெட்மில்லா?

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை டீ மாஸ்டரின் ஸ்வெட்டரையும் எதிர்வீட்டுத் தாத்தாவின் குரங்குக் குல்லாவையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலையில்கூட 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாரத்தானுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர்தான் நல்லது என்பார்கள். அதற்கு நாம் ஊட்டிக்குப் போக வேண்டும். இருந்தாலும், மே மாதத்தில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் வாங்கிய அதே நாடித்துடிப்பில் டிசம்பரில் ஆறரை நிமிடத்தில் போகிறேன். ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவனுக்கு இந்த அரை நிமிடம் பெரிய வரம். அதை எங்கே ஓடிப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

முதலில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. வீட்டிலிருந்து பக்கம், மேடு பள்ளம் கிடையாது, ஒரு பக்கம் கடல். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் நேராக ஓடிக்கொண்டே இருக்கலாம். இதெல்லாம் காகிதத்தில். காலை நாலரைக்குப் போய்ப் பாருங்கள்: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், இன்ஜினை அணைக்காமல். ஒருநாள் லாரியின் படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், "இன்னா தம்பி, எவனாச்சும் தொரத்துறானா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இல்லண்ணே என்று சொல்ல வாய் திறந்தபோது உள்ளே போன புகை பத்தரை மணி வரை தொண்டையில் இருந்தது.

மார்கழி விடியலில் காற்று சுத்தமாக இருக்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். வடசென்னைக்கு அது பொருந்தாது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் உட்காரும். லாரிப் புகை, மணலிப் பக்கத்து ஆலைகளின் வாடை எல்லாம் அந்த மூடிக்குள்தான். வெயில் ஏறினால்தான் அது கலையும். போகி அன்று இதன் உச்சத்தைப் பார்க்கலாம். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்கத் தடுமாறின. அன்றைக்கு ஓடாமல் இருப்பதும் பயிற்சிதான்.

அடுத்து, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா. மரம் இருக்கிறது, லாரி இல்லை, நாய்த் தொல்லையும் குறைவு. வாரநாளில் 6, 7 கிலோமீட்டருக்கு இதற்கு மேல் நல்ல இடம் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இல்லை. நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் ஆகாது. சுற்றிய இடத்தையே சுற்றித் தலை கிறுகிறுக்கும். ஆறு மணிக்கு மேல் நாலு பேர் கைகோத்த மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பூங்கா நடப்பதற்குத்தானே.

ட்ரெட்மில்லை எனக்குச் சிபாரிசு செய்தது டொரண்டோவில் இருக்கும் சித்தப்பா மகன். அவன் ஊரில் நியாயம் இருக்கிறது. மைனஸ் 10, தரையெல்லாம் உறைபனி, வழுக்கினால் இடுப்பு போய்விடும். மூன்று அடுக்கு உடை போட்டு, பருத்தியைத் தொடாமல் (நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்), காதையும் விரலையும் மூடிக்கொண்டு அவன் வெளியே போவதே பெரிய காரியம். நாம் ஏன் ரப்பர் பெல்ட்டின்மேல் ஓட வேண்டும்? எதிர்க்காற்று இல்லாத குறைக்கு 1 சதவீதம் சாய்வு வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் எங்கள் தெரு ஜிம்மில் காலையில் ஏசி போடமாட்டார்கள். அரை மணி தாண்டினால் பின்னால் ஒருவர் துண்டோடு வந்து நின்று பெருமூச்சு விடுவார். அடைமழைக்கும் போகிக்கும் மட்டும் அது போதும்.

அவன் சொன்னதில் ஒன்று மட்டும் இங்கேயும் செல்லுபடியாகும்: புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். அதைக் கேட்காமல் முதல் மார்கழியில் நான் ஜாக்கெட் போட்டுப் போனேன். விடியலில் ஈரப்பதம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது கிலோமீட்டரில் ஜாக்கெட் இடுப்புக்கு வந்தது, வீடு வரை தொடையில் அடித்துக்கொண்டே இருந்தது. பனியன் போதும். தாகம் எடுக்கவில்லையே என்று தண்ணீரை விடாதீர்கள். குளிரில் தாகம் தாமதமாகத்தான் தெரியும்.

ஆகவே என் கணக்கு: வாரநாளில் பூங்கா, ஞாயிற்றுக்கிழமை மெரினா. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஓரமாக, பூசணிப்பூவை மிதிக்காமல் போக வேண்டும். முதல் 300 மீட்டர் அதனால் வார்ம்-அப் ஆகிவிடும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பீச் ஸ்டேஷன், ராஜாஜி சாலை. அது வரை லாரி கொஞ்சம் உண்டு, ஆனால் எக்ஸ்பிரஸ் சாலை அளவுக்கு இல்லை. நேப்பியர் பாலம் தாண்டி ஆறரைக்குச் சூரியன் வரும்போது கடற்கரைச் சாலையில் இருப்பேன். கலங்கரை விளக்கத்தைத் தொட்டு வாலாஜா சாலை முனைக்குத் திரும்பினால் 13 கிலோமீட்டர் சொச்சம். இன்னொரு தடவை போய்வந்தால் 18 தாண்டும்.

திரும்புவதற்கு அரசினர் தோட்டத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் தண்டையார்பேட்டை. நனைந்த பனியனோடு அந்த ஏசிக்குக் கீழே உட்கார்ந்தபோதுதான் இந்த மார்கழியில் முதல்முறையாகப் பல் கிட்டித்தது. இப்போது பையில் காய்ந்த டி-ஷர்ட் ஒன்றும் துண்டும் வைத்திருக்கிறேன்.